கட்டாரிலிருந்து வந்த பெரிய கம்பியூட்டரும் 34,800 ரூபாவும்



பதிவு கொஞ்சம் நீளம். காசு தந்தவர்களும், காசு தராமல் கேள்வி கேட்டவர்களும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இரு சாராருக்கும் நாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

"நாங்கள்" என்பது பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் இரண்டு ஆசிரியர்களும், உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் ஐந்து பிள்ளைகளும். அந்த ஐந்தில் மூன்று பேர் பெண் பிள்ளைகள்.

நமதூர்ச் சகோதரர் ஒருவர் கட்டாரில் கட்டட வரைபடம் செய்யும் அலுவலகமொன்றில் வேலை பார்க்கிறார். அங்கே பழைய கம்பியூட்டர்களை மாற்றியபோது, ஒன்றைக் கேட்டு வாங்கி, கார்கோவில் போட்டு நமது பாடசாலைக்கு அனுப்பிவைத்தார். பெட்டியைப் பிரித்தபோது பலர் அதைத் தொலைக்காட்சிப் பெட்டி என்றே நினைத்தார்கள். 27 அங்குலத் திரை. தனியாக ஒரு பெட்டி இல்லை, எல்லாம் திரைக்குப் பின்னாலேயே இருக்கிறது. இதைத்தான் ஆல்-இன்-ஒன் என்கிறார்கள். எடை இருபது கிலோவுக்கு மேல். தூக்க இரண்டு பேர் வேண்டும்.

அது எச்.பி. இசட்1 ஜி2 என்ற மெஷின். 2014இல் வெளிவந்தது. வீட்டில் படம் பார்க்கச் செய்ததல்ல. வீடு வரைபவர்கள், இயந்திரம் வரைபவர்கள், வீடியோ வெட்டுபவர்கள் பாவிக்கச் செய்தது. இந்த வகையை வேர்க்ஸ்டேஷன் என்பார்கள். உள்ளே சீயோன் புரொசெசர், 16 ஜிபி நினைவகம், 2560க்கு 1440 புள்ளிகள் கொண்ட திரை. வயது பத்தைத் தாண்டினாலும் எங்கள் கணினி அறையில் இருந்த மற்ற எந்த மெஷினையும் விடப் பலமானது.

ஒரேயொரு இடத்தில்தான் அது இடறியது.

பிள்ளைகள் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு வேலை தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் நிற்குமே, நமது சந்தைக்குப் பின்னால் உள்ள வீதி, அதைக் கம்பியூட்டரில் முப்பரிமாணமாகக் கட்டுவது. நாடாவால் அளந்தார்கள். வடிகானின் ஆழத்தை ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் குறித்தார்கள். மதகு எந்த உயரத்தில் இருக்கிறது, எந்த வீட்டு வாசல் வீதியை விடத் தாழ்ந்திருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். போன் கமராவில் எடுத்த படங்களைச் சுவர்களுக்கும் மதில்களுக்கும் ஒட்டினார்கள். பாவித்தது பிளெண்டர் என்ற இலவச மென்பொருள்.

முதல் ஆறு வீடுகள் வரை எல்லாம் நன்றாகப் போனது. அதற்குப் பிறகு முழுப் படத்தையும் உருவாக்கச் சொன்னால் பாதியில் நின்றுவிடும். நினைவகம் போதாது என்று ஒரு வரி வரும். பிள்ளைகள் படங்களின் தரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். குறைத்தால் வடிகான் எது, வாசற்படி எது என்று தெரியாது. வீதியைத் துண்டு துண்டாகச் செய்து பார்த்தார்கள். துண்டாகப் பார்த்தால் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று விளங்காது. அந்த வேலையின் நோக்கமே அதுதான்.

16 ஜிபி இருக்கும்போது நினைவகம் எப்படிப் போதாமல் போகும் என்று எங்களிடம் பலர் கேட்டார்கள். கிரபிக்ஸ் கார்டுக்குத் தனி நினைவகம் உண்டு. படத்தை உருவாக்கும் வேலையை அதற்குக் கொடுத்தால், அது தன்னுடைய நினைவகத்தில் எல்லாவற்றையும் விரித்து வைத்துத்தான் வேலை செய்யும். எங்கள் மெஷினில் இருந்தது என்விடியாவின் குவாட்ரோ கே610எம் கார்ட். அதில் இருந்தது 1 ஜிபி. பிள்ளைகளில் ஒருத்தி இதைத் தன் உம்மாவுக்கு விளங்கப்படுத்தியது எங்கள் விளக்கத்தை விட நன்றாக இருந்தது. அவளது உம்மா தையல் வேலை செய்பவர். "கார்ட் பழுதில்ல உம்மா. வெட்டுற மேசதான் சின்னன். துணிய முழுசா விரிக்க ஏலாம கிடக்கு."

புதிதாக ஒன்று வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தோம். தனி கிரபிக்ஸ் கார்ட் உள்ள, இந்த வேலையைச் செய்யக்கூடிய லெப்டொப் ஒன்றுக்குக் கொழும்பில் சொன்ன விலை மூன்று இலட்சத்தைத் தாண்டியது. 2022இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அதே வருடம் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவேயில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு கம்பியூட்டர் சாமானின் விலையிலும் அந்த வருடம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே உள்ளே இருக்கும் கார்டை மாற்ற முடியுமா என்று பார்த்தோம்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆல்-இன்-ஒன் என்று வரும் பெரும்பாலான கம்பியூட்டர்களில் கிரபிக்ஸ் சிப்பை மதர்போர்டிலேயே ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். அதை மாற்ற முடியாது. சிலவற்றில் திரையையே பசையால் ஒட்டியிருப்பார்கள், திறப்பதே பெரிய பாடு. 2012 கடைசியில் வந்த ஐமேக்கிலிருந்து அப்படித்தான். உங்கள் வீட்டிலிருக்கும் மெஷினுக்கும் கார்ட் மாற்றலாம் என்று இந்தப் பதிவை வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள்.

எங்கள் மெஷின் அந்த விடயத்தில் விதிவிலக்கு. அதில் எம்.எக்ஸ்.எம். என்ற முறையில் கார்ட் இருக்கிறது. இது பெரிய லெப்டொப்களுக்காக வந்த முறை. சாதாரண டெஸ்க்டொப் கார்ட் போல நிமிர்ந்து நிற்காது. ஒரு தட்டையான பலகை, மதர்போர்டில் படுத்தவாறு செருகப்பட்டிருக்கும். மூன்றாம் பதிப்பில் இரண்டு அளவுகள் உண்டு. சிறியது 82க்கு 70 மில்லிமீட்டர். பெரியது 82க்கு 105 மில்லிமீட்டர்.

செருகும் இடம் ஒன்றுதான் என்பதற்காக எந்தக் கார்டும் வேலை செய்துவிடாது. பிள்ளைகள் ஒரு கொப்பியில் நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு தேடினார்கள்.

ஒன்று, அளவு. கே610எம் சிறிய அளவு. பலமான கார்டுகள் பெரிய அளவு. பலகை மாறினால் அதன் மேலிருந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கும் மாற வேண்டும். பழைய ஹீட்சிங்கைப் புதிய கார்டில் பொருத்த முடியாது. அதனால் வெறும் கார்டை மலிவாக வாங்குவது எங்களுக்குச் சரிவராது. இந்த மெஷினுக்குரிய ஹீட்சிங்கோடு சேர்த்தே வாங்க வேண்டும்.

இரண்டு, மின்சாரம். இந்த மெஷினின் பவர் சப்ளை 400 வோட். டெஸ்க்டொப்பில் போல பெரிய பவர் சப்ளை ஒன்றை வாங்கி மாட்ட இங்கே இடமில்லை. இருப்பதற்குள் அடங்க வேண்டும்.

மூன்று, சூடு. திரைக்குப் பின்னால் மெல்லிய இடம். எங்கள் கணினி அறைக்குக் குளிரூட்டி இல்லை. மேலே அஸ்பெஸ்டஸ் கூரை. ஏப்ரல் மாதம் அந்த அறையில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நான்கு, பயொஸ். மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும் சிறு மென்பொருள் அது. புதிய கார்டை அது அடையாளம் காணாவிட்டால் கார்ட் நல்லதாக இருந்தாலும் திரை இருட்டாகவே கிடக்கும். இதற்குப் பாதுகாப்பான வழி, அந்த மெஷினை விற்ற காலத்தில் கொம்பனியே எந்தெந்தக் கார்டுகளைப் போட்டு விற்றது என்று பார்த்து, அந்தப் பட்டியலுக்குள் நிற்பது.

அந்தப் பட்டியலில் எங்களுடையதுக்கு மேலே மூன்று இருந்தன. கே2100எம், கே3100எம், கே4100எம். முதலாவதில் 2 ஜிபி. மற்ற இரண்டிலும் 4 ஜிபி. கே3100எம் 75 வோட் எடுக்கும், கே4100எம் 100 வோட் எடுக்கும்.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே விவாதம் வந்தது. ஆண் பிள்ளைகள் இருவரும் பெரியதையே வாங்குவோம் என்றார்கள். மற்றவர்கள் கேட்டது ஒரே கேள்வி. எங்கள் பிரச்சினை வேகமா, மேசையின் அளவா? மேசையின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். அப்படியானால் மேலதிகமாக 25 வோட் சூட்டை அந்த அறைக்குள் ஏன் கொண்டுவர வேண்டும்? விலையும் கூட. கே3100எம் என்று முடிவானது. அந்த முடிவு பிள்ளைகளுடையது. நாங்கள் பக்கத்தில் இருந்தோம், அவ்வளவுதான்.

காசு சேர்க்கத் தொடங்கியதும்தான் அந்தக் கேள்வி வந்தது. நாம் எல்லோரும் மதிக்கும் ஹாஜியார் ஒருவர் நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டார். "கொப்பி இல்லாத புள்ளைக்கு கொப்பி வாங்கிக் குடுங்க சேர். பழைய இரும்புக்கு ஏன் ஊர்ச் சல்லி?"

இந்தக் கேள்வியை நாங்கள் தட்டிவிடவில்லை. நமது பாடசாலையில் கொப்பிக்குக் கஷ்டப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது எங்களுக்குத் தினமும் தெரிகிற விடயம். அதற்கு இரண்டு பதில்களைச் சொன்னோம். கொப்பிக்கான சேகரிப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் தனியாக நடக்கிறது, அதில் ஒரு சதம் கூட இந்தப் பக்கம் வராது. இரண்டாவது, கொப்பிக்குக் கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளைதான் இந்த மெஷினில் உட்காருகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வாப்பா லெப்டொப் வாங்கிக் கொடுத்துவிடுவார். பாடசாலை மெஷினை நம்பியிருப்பது மற்றப் பிள்ளைதான். அவர் அன்று ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த கிழமை 2,000 ரூபா கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனை. கணக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும். இந்தப் பதிவு அந்த நிபந்தனையின் ஒரு பகுதி.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக, ரசீது போட்டு, 40,000 ரூபா சேர்ந்தது. பிறகு ஒன்லைனில் ஓடர் செய்தோம். பாவித்த கார்ட்தான். புதியது இப்போது உற்பத்தியிலேயே இல்லை. ஹீட்சிங்க் பொருத்திய படத்தையும், கார்டின் மேல் ஒட்டியிருக்கும் இலக்கத்தின் படத்தையும் விற்பவரிடம் கேட்டு வாங்கிய பிறகே காசு அனுப்பினோம். ஐந்து கிழமைகள் எடுத்தது. அந்த ஐந்து கிழமைகளும் சந்தியில் கண்டவர்கள் எல்லோரும் "சாமான் வந்திச்சா சேர்?" என்றே கேட்டார்கள். ஊர்ச் சல்லி அமானிதமாகக் கையில் இருக்கும்போது நித்திரை எப்படி இருக்கும் என்பதை அந்த நாட்களில் படித்தோம்.

கார்ட் வருமுன்னரே பிள்ளைகள் பயொஸைப் புதிய பதிப்புக்கு மாற்றி வைத்தார்கள். மெஷினில் இருந்த வேலைகள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்தார்கள்.

மாற்றிய நாளில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கும் காக்கா ஒருவரையும் கூப்பிட்டோம். அவர் கம்பியூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் திறந்த எதையும் சரியாக மூடத் தெரிந்த மனிசன். மேசையில் போர்வை விரித்து, மெஷினை அதன் காலோடு மடக்கிப் படுக்க வைத்தோம். கீழ்ப் பக்கத்திலிருந்த பூட்டுகளைத் தள்ளியதும் திரை முழுவதுமாக மேலே எழும்பித் தானாக நின்றது. காக்கா சிரித்தார். "இது காருட பொனட்டு மாதிரியல்லவா!"

அப்படியேதான். எங்கே பிடித்துக் கழற்றலாம் என்று தெரிய உள்ளே பச்சை நிற அடையாளங்கள் இருக்கின்றன. செய்தவர்கள், இதை ஒரு நாள் யாரோ திறப்பார்கள் என்று நினைத்தே செய்திருக்கிறார்கள்.

வேலையைச் செய்தது மேசை உதாரணம் சொன்ன அந்தப் பிள்ளை. மின் வயரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி, உள்ளே இருந்த இரும்புச் சட்டத்தைத் தொட்டுத் தன் உடம்பில் இருக்கக்கூடிய நிலை மின்னை இறக்கினாள். பழைய கார்டை எடுத்தாள். மற்றவள் கொப்பியில் ஒவ்வொரு படியாக வாசிக்க, இவள் செய்தாள். வந்த கார்டின் ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. காக்கா அதைப் பார்த்ததும் சொன்னார்: "சூடு போற வழி அடஞ்சா எந்த எஞ்சினும் செத்துப் போகும்." பழையதைத் துடைத்தெடுத்து, சிப்பின் மேல் புதிய பேஸ்ட் வைத்து, நினைவகச் சிப்புகளின் மேலிருந்த மெத்தைத் துண்டுகளையும் மாற்றினாள். திருகாணிகளைக் குறுக்கு மூலையாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். காக்கா தலையாட்டினார். எஞ்சின் ஹெட்டையும் அப்படித்தான் முடுக்குவார்களாம்.

மூடி, நிமிர்த்தி, பவர் போட்டோம். ஃபேன் சத்தம் வந்தது. திரை கறுப்பு. பத்து விநாடி, இருபது விநாடி, இன்னும் கறுப்பு. ஒருவரும் பேசவில்லை. பிறகு கொம்பனியின் அடையாளம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்ற சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும்.

டிரைவர் போட்ட பிறகு, முன்பு ஓடிய ஆறு வீட்டுத் துண்டையே முதலில் ஓடவிட்டோம். முன்பு 42 நிமிடம் எடுத்தது 15 நிமிடத்தில் முடிந்தது. பிறகு முழு வீதி. நிற்கவில்லை. அரை மணிநேரம் முழு வேலை கொடுத்து வைத்திருந்தபோது கார்டின் சூடு 78 பாகை செல்சியஸில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

அந்த முழு வீதிப் படத்தில் நாங்கள் கண்டது இது. வடிகான் மதகை நோக்கிச் சரிவாகப் போகவில்லை. நடுவில் ஓரிடத்தில் அது மதகின் வாயை விடத் தாழ்ந்து கிடக்கிறது. தண்ணீர் முதலில் அங்கே நிரம்ப வேண்டும், பிறகுதான் மதகுக்குப் போகும். நிரம்பும் நேரத்தில் பக்கத்து மூன்று வீடுகளின் வாசலுக்கும் ஏறிவிடுகிறது. அந்த வீதியில் இருப்பவர்கள் இதை வருடக்கணக்காக வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அளவோடு, படத்தோடு இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பிரதேச சபைக்குக் கொடுக்க ஒரு கடிதத்தோடு தயார்படுத்துகிறார்கள். அதன் பிறகு என்ன நடக்கும் என்பது எங்கள் கையில் இல்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது 2013இல் வெளிவந்த கார்ட். இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய டிரைவர் செய்வதை என்விடியா நிறுத்திவிட்டது. அதனால் பிளெண்டரின் பழைய பதிப்பு ஒன்றையே பாவிக்கிறோம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. இந்தப் புரொசெசரை விண்டோஸ் 11 தன் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே இந்த மெஷினை இணையத்தோடு இணைப்பதில்லை. வேலைகளைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொண்டுவருகிறோம், ஒவ்வொரு முறையும் வேறொரு மெஷினில் வைரஸ் சோதித்த பிறகு. இன்னும் மூன்று நான்கு வருடம் இந்த ஒரு வேலைக்கு உதவினால் போதும் என்பதே எங்கள் கணக்கு. புதிய கம்பியூட்டருக்கு இது சமம் என்று யாரிடமும் நாங்கள் சொல்லமாட்டோம்.

செலவுக் கணக்கு:

கார்ட், அனுப்பும் செலவு: 27,600 ரூபா
தீர்வையும் தபால் கட்டணமும்: 4,900 ரூபா
தெர்மல் பேஸ்ட், மெத்தைத் துண்டுகள்: 2,300 ரூபா
மொத்தம்: 34,800 ரூபா
மிகுதி: 5,200 ரூபா, அபிவிருத்திச் சங்கக் கணக்கில் இருக்கிறது.

ரசீதுகளின் பிரதி பாடசாலை அறிவித்தல் பலகையில் இருக்கிறது. கராஜ் காக்கா கூலி வாங்கவில்லை. தேநீர் மட்டும் குடித்தார்.

கழற்றிய பழைய கே610எம் கார்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். புதியது ஒரு நாள் கைவிட்டால் மெஷின் முழுவதுமாக நின்றுவிடக் கூடாது.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு ஒரு பழக்கம் பழக்கினார்கள். கற்பித்தல் சாதனம் வாங்குமுன் கையில் இருப்பதை முதலில் எண்ணிப் பார் என்று. அப்போது மட்டையும் பசையும்தான் கையில் இருந்தன. இப்போது கையில் இருப்பது வேறு, பழக்கம் அதேதான். இந்த ஐந்து பிள்ளைகளும் கார்டைப் பற்றிப் படித்ததை விட, வாங்குமுன் நான்கு கேள்வி கேட்கப் படித்தது பெரிது என்று நாங்கள் நினைக்கிறோம். அளவு என்ன, சக்தி எவ்வளவு, சூடு எங்கே போகும், ஏற்றுக்கொள்ளுமா? வீட்டுக்கு ஃபிரிஜ் வாங்கினாலும், வயலுக்குத் தண்ணீர்ப் பம்பு வாங்கினாலும் இதே கேள்விகள்தான்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் நமதூர் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள்.

பாடசாலைக்குப் பழைய கம்பியூட்டர் அனுப்ப நினைப்பவர்கள் தாராளமாக அனுப்புங்கள். அனுப்புமுன் மெஷினின் பெயரையும் மொடல் இலக்கத்தையும் ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பயொஸ் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் அலுவலகத்தில் சொல்லி அதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் நல்ல மெஷினும் இங்கே கல்லாகிவிடும். ஹார்ட் டிஸ்க்கில் அலுவலகத் தகவல்கள் இருந்தால் அழிக்கச் சொல்லுங்கள், ஆனால் டிஸ்க்கைப் பூட்டும் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டாம். அது தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம். பவர் கேபிளையும் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு: வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய மெஷினை இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் ஒரு சனிக்கிழமை காலை கணினி அறைக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் திறந்து பார்த்து, சரிவருமா வராதா என்று சொல்வார்கள். சரிவராது என்றால் அதையும் நேரே சொல்வார்கள்.

மாரிக்கு முன் அந்த வடிகான் விடயமாகப் பிரதேச சபைக்குப் போகும்போது, அந்த வீதியில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேராவது பிள்ளைகளோடு வாருங்கள். படத்தை அவர்கள் காட்டுவார்கள். வாசலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று சொல்ல நீங்கள் வேண்டும்.